ஐயாயிரத்து இருநூறு வெள்ளியும் ஒரு மிதிவண்டியும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 44 வயது. ஈசூனில் நான்கறை வீட்டில் குடியிருக்கிறோம். செம்பவாங்கில் உள்ள ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் வாடகைக்கு எடுத்த தனியார் காரை ஓட்டுகிறார். மகள் வரும் ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்கிறாள். மகன் தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். நாற்பது வயதில்தான் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். 120 வெள்ளிக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன். போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். ஞாயிறு விடியற்காலையில் சிலேத்தார் வழியாகப் பொங்கோல், கோனி தீவு வரை 35 கிலோமீட்டர் சுற்றி வருவேன். அந்த இரண்டு மணி நேரம்தான் வாரத்தில் எனக்கென்று இருப்பது. இப்போது செயின் நழுவுகிறது, பிரேக் பிடிப்பதில்லை. சரிசெய்ய 180 வெள்ளி ஆகும் என்கிறார்கள். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து 5,200 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் 3,900 வெள்ளிக்கு ஒரு கார்பன் ரேசிங் சைக்கிளைப் பார்த்தேன். மனம் அதிலேயே நிற்கிறது. “அந்தக் காசுக்கு மகளுக்கு ஒரு சங்கிலி எடுத்தால் காலத்துக்கும் நிற்கும், இந்த வயதில் விழுந்தால் யார் பார்ப்பது?” என்கிறார் நாத்தனார். கணவர் “உன் காசு, உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டுக் கணக்கில் 11,000 வெள்ளி இருக்கிறது. மாதச் செலவு 3,400 வெள்ளி; மசேநி (மத்திய சேமநிதி) போக என் கைக்கு வருவது 2,100 வெள்ளி. மகளுக்கு 1,200 வெள்ளியில் மடிக்கணினி வாங்க வேண்டும். ஆடம்பரம் என்று நினைக்காமல் சொல்லுங்கள், நான் வாங்கலாமா?

- ஈசூன் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதிய மிதிவண்டி வாங்கலாம். வாங்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கடையில் பார்த்த அந்த 3,900 வெள்ளி வண்டி வேண்டாம். தலைக்கவசம், விளக்கு, பூட்டு என எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளிக்குள் முடியும் ஒரு வண்டியை, அதுவும் உங்கள் சேமிப்பிலிருந்து இரண்டு தொகைகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிஞ்சும் பணத்தில் வாங்குங்கள். ஏன் அப்படி என்பதை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

குடும்ப வரவு செலவு ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்ததில் ஒன்றை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தனக்கென்று ஒன்றை ஆசைப்படுவதே தவறு என்ற கூச்சத்தோடு இருப்பவர்கள், ஆசையை வருடக்கணக்கில் அடக்கி வைத்துவிட்டு, ஒரு நாள் அதை வெளியே விடும்போது “வாங்குவதுதான் வாங்குகிறோம், ஒரேயடியாக நல்லதாக வாங்கிவிடுவோம்” என்று அளவுக்கு மீறிய விலையில் போய் நிற்பார்கள். இன்னொரு முறை கேட்கத் தயக்கம் இருப்பதால், ஒரே தடவையில் உச்சத்தை எட்டிவிட மனம் துடிக்கிறது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் அந்தக் கூச்சம் தெரிகிறது. சனிக்கிழமைகளை விற்றுச் சேர்த்த பணத்தில், நாள்தோறும் வேலைக்குப் போக உதவும் ஒரு பொருளை வாங்குவதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கூச்சத்தை இறக்கி வைத்தால்தான் விலையை நிதானமாகப் பார்க்க முடியும்.

இனி கணக்கு. ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது பலரும் சொல்லும் பொதுவிதி. உங்கள் வீட்டுக்கு அதைப் பொருத்தினால் 3,400 வெள்ளி வீதம் 20,400 வெள்ளி வருகிறது, இருப்பதோ 11,000. இதைப் பார்த்ததுமே மிதிவண்டியை மறந்துவிடுங்கள் என்று சொல்லும் ஆலோசகர்கள் இருக்கக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனெனில் உங்கள் வீட்டில் இரண்டு வருமானங்கள் இருக்கின்றன, அவற்றுள் உங்களுடையது மாதச் சம்பளம். கணவரால் சில மாதங்கள் கார் ஓட்ட முடியாமல் போனால், உங்கள் 2,100 வெள்ளி வந்துகொண்டே இருக்கும். துண்டு விழுவது மாதம் 1,300 வெள்ளிதான். அந்தத் துண்டை 11,000 வெள்ளி எட்டு மாதத்துக்கு மேல் தாங்கும். மாறாக உங்கள் வேலை போனால், கணவரின் வருமானம் எவ்வளவு என்று நீங்கள் எழுதாததால் அந்தப் பக்கக் கணக்கை நீங்களே இதே முறையில் போட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவர் உறுதியாகவே நிற்கிறது என்பது என் கருத்து.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரிசல் தெரிகிறது. கார் வாடகைக்கு எடுத்தது. காய்ச்சலில் படுத்தாலும், முதுகு பிடித்துக்கொண்டாலும், வண்டி ஓடாத நாட்களுக்கும் வாடகை உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று தனியாகப் பிடித்துக்கொள்ளவும் செய்வார்கள். இணையத்தளம் வழியாக வேலை செய்யும் ஓட்டுநர்களுக்கு 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி வேலையிட விபத்து இழப்பீடு கிடைக்கிறது என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் வீட்டில் வரும் காய்ச்சலுக்கு அது பொருந்தாது. சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பும் அவருக்குக் கிடையாது. ஆகவே உங்கள் 5,200 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளியை ‘கார் ஓடாத நாட்கள்’ என்று பெயரிட்டு, சாதாரண சேமிப்புக் கணக்கில் தனியே ஒதுக்குங்கள். மகளின் மடிக்கணினிக்கு 1,200 வெள்ளியை எடுத்து வையுங்கள். ஏப்ரல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மீதி 2,500 வெள்ளி. அந்தப் பணம் முழுக்க முழுக்க உங்களுடையது. அதைப் பற்றி மட்டும்தான் இனி நாம் பேசப்போகிறோம்.

புதிய உடற்பயிற்சிக் கருவியையோ மிதிவண்டியையோ வாங்க ஆசைப்படுபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, முதலில் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்பதுதான். நம் ஊரில் அரை மணி நேரத்துக்கு எடுத்து ஓட்டிவிட்டு மஞ்சள் கட்டத்தில் நிறுத்தி, கியூஆர் குறியீட்டை வருடி முடித்துக்கொள்ளும் பகிர்வு மிதிவண்டிகள் அதற்கு நன்றாகவே உதவுகின்றன. உங்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. வேலைக்கு வாரம் 48 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 35 கிலோமீட்டர், ஆக 83 கிலோமீட்டர். மழை, விடுமுறை, உடல்நலம் எல்லாவற்றையும் கழித்து ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தாலும் 3,300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கனமான ஒரு பழைய வண்டியில், நான்கு ஆண்டுகள். வாங்கிய பின் வீட்டு வாசலில் துணி காயப் போடும் கம்பியாக மாறிப்போன எத்தனையோ மிதிவண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களுடையது அப்படி ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேருந்துக் கட்டணம் மிச்சமாகிறதே, சில ஆண்டுகளில் வண்டி விலை திரும்ப வந்துவிடுமே என்று மனம் ஒரு கணக்குப் போடும். ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை வெள்ளி என்று வைத்தால் வாரம் 12 வெள்ளி, ஆண்டுக்கு 480 வெள்ளி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தை உங்கள் பழைய 120 வெள்ளி வண்டியே இப்போது தந்துகொண்டிருக்கிறது. விலை உயர்ந்த வண்டி வாங்குவதால் அது ஒரு காசும் கூடப்போவதில்லை. 180 வெள்ளி கொடுத்துப் பழையதைச் சரிசெய்தாலும் அதே 480 வெள்ளி மிச்சமாகும். ஆகவே புதிய வண்டிக்கான நியாயத்தை மிச்சக் கணக்கில் தேடாதீர்கள். பிரேக் நம்பகமாகப் பிடிப்பது, உடம்பு நோகாமல் ஓட்டுவது, ஞாயிறு விடியற்காலையின் மகிழ்ச்சி ஆகிய மூன்றும்தான் அதன் நியாயம், அவை போதும்.

இப்போது அந்த 3,900 வெள்ளி வண்டிக்கு வருவோம். கார்பன் இழையால் ஆன வண்டி எட்டரை கிலோ அளவில் இருக்கும்; நல்ல அலுமினிய வண்டி பத்தரை, பதினொரு கிலோ; உங்கள் பழைய வண்டி போன்றவை பதினாறு கிலோவுக்குக் குறையாது. பதினாறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கும்போது முதல் நாளிலேயே கால்கள் அதை உணரும். பதினொன்றிலிருந்து எட்டரைக்கு இறங்குவதை மலையேறும்போதுதான் உணர முடியும். ஆனால் நம் நாட்டில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான், அதுவும் உங்கள் வழியில் இல்லை. ஈசூனுக்கும் செம்பவாங்குக்கும் இடையில் பாலச் சரிவுகளைத் தவிர ஏற்றமென்று சொல்ல ஏதுமில்லை. வேகத்துக்கும் சட்டம் எல்லை வைத்திருக்கிறது: மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர். இவற்றுக்கு மேல் பறக்க உதவும் வண்டிக்குக் கூடுதலாக 2,400 வெள்ளிக்கு மேல் கொடுப்பதில், உங்கள் பயணங்களைப் பொறுத்தவரை, பொருள் இல்லை. சாலையில் குழுவாக வேகமெடுத்து ஓட்டுபவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்று, ரேசிங் வண்டியின் மெல்லிய டயர். கோனி தீவுக்குள் பாதை தார் போட்டதல்ல. மண்ணும் சரளையும் கலந்தது, மழை பெய்த மறுநாள் குழி குழியாக நீர் நிற்கும். அங்கே 32 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர்தான் நிம்மதி தரும். பல ரேசிங் வண்டிகளில் மட்கார்டும் பின் கேரியரும் பொருத்தத் துளையே வைப்பதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், பிள்ளைகள் முன் நிற்க வேண்டிய ஓர் ஆசிரியைக்கு முதுகில் சேற்றுக் கோடு விழாமல் இருப்பது சின்ன விஷயமல்ல.

உதிரிபாக விலையையும் பாருங்கள். நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது செயின் மாற்ற வேண்டியிருக்கும். தேய்ந்த செயினோடு ஓட்டினால் அது பற்சக்கரத்தையும் தின்றுவிடும். உங்கள் பழைய வண்டியில் செயின் நழுவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும், 180 வெள்ளி என்று சொல்வதும் அதனால்தான். எட்டு, ஒன்பது கியர் கொண்ட பின்சக்கரத்துக்கான செயினும் பற்சக்கரமும் மலிவு. பன்னிரண்டு கியருக்கானவை பல மடங்கு விலை. கியர் செய்யும் ஷிமானோ நிறுவனம் ஜப்பானுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1973ல் சிங்கப்பூரில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அதன் கீழ்நிலை வரிசைக் கியர்கள்கூட நம் போன்றவர்களின் ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது நீங்கள் எழுதாத ஒன்று: அந்த வண்டி எங்கே நிற்கும்? பாலர் பள்ளிக்குப் போகும் நீங்கள், அநேகமாக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உள்ள கம்பியில்தான் வண்டியைப் பூட்டுகிறீர்கள். 120 வெள்ளி வண்டியை அங்கே விட்டுவிட்டுப் பாடம் நடத்தலாம். 3,900 வெள்ளி வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாகப் பாடம் நடத்த முடியுமா? இரண்டு வாரத்தில் அதை வேலைக்கு எடுத்துப் போவதையே நிறுத்திவிடுவீர்கள். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகும். பழைய வண்டியையும் 180 வெள்ளி கொடுத்துச் சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டிவரும். விலை உயர்ந்த பொருளை வாங்கி அதைப் பாதுகாக்க மலிவான பொருளையும் வைத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பணத்தை அவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள், பயனை ஒரு முறைதான் பெறுகிறார்கள்.

வீட்டிலும் இடத்தைப் பாருங்கள். தாழ்வாரத்தில் வைப்பதானால், தீ விபத்தின்போது எல்லோரும் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. வீட்டுக்குள் வைப்பதானால் எந்தச் சுவரோரம் என்று அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கான தீக்காப்புறுதி வீட்டின் கட்டமைப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு அல்ல. நீங்கள் தனியாக எடுத்த வீட்டுப் பொருள் காப்புறுதி இருந்தால், வீட்டுக்கு வெளியே பூட்டியிருக்கும் மிதிவண்டி களவுபோனால் தருவார்களா என்று பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

நான் பட்ட ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கழிவு விலையில் ஒரு வண்டி கிடைத்தது. என் உயரத்துக்கு ஏற்ற அளவு தீர்ந்துவிட்டது, அடுத்த பெரிய அளவுதான் இருக்கிறது, இருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சரியாகிவிடும் என்றார் விற்பனையாளர். விலையைப் பார்த்து நானும் தலையாட்டினேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து வலிக்கும். இருக்கையை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, ஹேண்டில் தண்டை மாற்றி, எட்டு மாதம் போராடிவிட்டு வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்காமல் விற்றேன். பிரேம் அளவு தவறினால் மற்ற எதை மாற்றியும் பயனில்லை என்பதை அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றேன். பெண்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனெனில் சின்ன அளவுப் பிரேம்களைப் பல கடைகள் குறைவாகவே வைத்திருக்கின்றன. உங்கள் அளவு இல்லையென்றால் காத்திருங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். “இதுவே சரியாக இருக்கும்” என்ற சொல்லை நம்பி அன்றே வாங்கிவிடாதீர்கள். கால்களை ஊன்றி நிற்கும்போது மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை விறைக்காமல் லேசாக வளைந்திருக்க வேண்டும். பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஹைபிரிட் என்றோ ஃபிட்னஸ் என்றோ கடைகளில் சொல்லப்படும் வகை: நேரான ஹேண்டில், அலுமினிய பிரேம், மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், நான் மேலே சொன்ன அகலத்தில் டயர், மட்கார்டும் கேரியரும் மாட்டும் துளைகள். வண்டிக்கு 1,450 வெள்ளியை உச்சவரம்பாக வையுங்கள். அதற்குக் கீழே நல்லவை பல உண்டு. தலைக்கவசத்துக்கு 90, முன் பின் விளக்குகளுக்கு 70, தடித்த பூட்டுக்கு 110, மட்கார்டு கேரியருக்கு 100, காற்றடிக்கும் பம்புக்கும் உபரி டியூபுக்கும் 50 என்று 420 வெள்ளி ஒதுக்குங்கள். மொத்தம் 1,870. மீதி 630 வெள்ளியை அப்படியே விட்டுவைத்தால், ஆண்டுக்கு 200 வெள்ளி பராமரிப்பு என்ற கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு வண்டி உங்கள் சம்பளத்தில் கைவைக்காது.

மடக்கு மிதிவண்டியைப் பற்றியும் நினைத்துப் பார்த்தேன். மடித்த நிலையில் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ரயிலிலும் பேருந்திலும் ஏற்றலாம். மழை பிடித்துக்கொண்டால் செம்பவாங்கில் ஏறி ஈசூனில் இறங்கிவிடலாம். பாலர் பள்ளிக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிடலாம், களவு பயமில்லை. வேலைக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வாரத்தில் உங்களுக்கென்று இருப்பது அந்த ஞாயிறு இரண்டு மணி நேரம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரளைப் பாதையில் சின்னச் சக்கரம் தரும் அதிர்வு அந்த மகிழ்ச்சியைக் குறைத்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். மின்சார மிதிவண்டி உங்களுக்கு ஒத்துவராது: அதைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் தேர்வு எழுதித் தேற வேண்டும், நடைபாதையில் ஓட்டவும் கூடாது. பழைய வண்டி வாங்குவதானால் அலுமினியமாக இருக்கட்டும்; கார்பனில் விழுந்த அடி வெளியே தெரியாமல் உள்ளே விரிசலாக இருக்கலாம். வாங்கிய ரசீதைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

நாத்தனார் சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. மிதிவண்டி முதலீடு அல்ல. கடையை விட்டு வெளியே வந்ததுமே அதன் விலை இறங்கத் தொடங்கும். தங்கம் அப்படியல்ல, அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவும் என்பது நம் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கண்ட உண்மை. ஆனால் சிராங்கூன் சாலையில் சங்கிலி எடுக்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலியும், மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கொடுக்கிறோம். விற்கப் போகும்போது அவை இரண்டும் திரும்ப வருவதில்லை. மகளுக்கு நகை சேர்க்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமாகவும் இருந்தால், அடுத்த ஆண்டுச் சனிக்கிழமைகளின் பணத்தை அதற்கென்று தொடங்குங்கள். இப்போது அவளுக்கு அவசரமாகத் தேவைப்படுவது மடிக்கணினி. அதை நாம் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டோம் என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

விழுவதைப் பற்றிய அவருடைய அச்சம் அன்பிலிருந்து வருவது. அதற்குப் பதிலும் செயலில்தான் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்காத இந்தப் பழைய வண்டியை இன்றோடு நிறுத்துங்கள். புதியது வரும்வரை பேருந்தில் போங்கள். சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். பாதைகளில் கட்டாயமில்லை என்றாலும் எங்கும் அணியுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது சட்டம். விடியற்காலையில் கிளம்பும் உங்களுக்கு அது தவிர்க்க முடியாதது.

வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வார்கள். கையில் பணம் இருக்கும்போது தவணை எதற்கு? ஒரு மாதம் மறந்தால் கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் ஓடும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பணத்தைக் குறைக்காவிட்டாலும் மட்கார்டையாவது சேர்த்துத் தருவார்கள்.

கடைசியாக உங்கள் கணவர். “உன் காசு, உன் இஷ்டம்” என்பது சம்மதமா, வருத்தமா என்று உங்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. வாடகை காரில் ஒவ்வொரு நாளும் வாடகைக்கு மேல் சம்பாதித்தாக வேண்டிய ஒருவருக்கு, வீட்டில் ஒரு பெரிய செலவைக் கேட்டதும் மனதுக்குள் ஓடும் முதல் எண்ணம், நான் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதாக இருக்கலாம். ஒரு தாளை எடுத்து 5,200 என்று மேலே எழுதி, அதன் கீழே முதல் வரியாக ‘கார் ஓடாத நாட்கள்: 1,500’ என்று எழுதி, மடிக்கணினியை அடுத்ததாக எழுதி, மிதிவண்டியை அதற்குப் பின் எழுதி, இரவு அவர் சாப்பிட்டு முடித்தபின் முன்னால் வையுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அவரே வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், காரணத்தைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

சரி என்றால், அடுத்த வாரம் கடைக்குப் போகும்போது வேலைக்குக் கொண்டுபோகும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போடும் காலணியோடு போங்கள். ஓட்டிப் பார்ப்பதும் அப்படியே ஓட்டிப் பாருங்கள். புது வண்டியில் முதல் சில வாரங்களுக்குள் கியர் கம்பிகள் சற்றுத் தளர்ந்துகொடுக்கும், அதை ஒரு முறை இழுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். அந்த முதல் சேவையைக் கட்டணமில்லாமல் செய்து தருவார்களா என்று, பில் போடும் முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.